கல்யாணப் பத்திரிகையின் பின்பக்கம்

ஷேக்ஸ்பியர் பிறந்த வருஷத்தை நான் பாடப் புத்தகத்தில் படித்து மனப்பாடம் செய்யவில்லை. சேப்பாக்கத்தில் கடலுக்கு எதிரே நிற்கும் சென்னைப் பல்கலைக்கழக நூலகத்தில், புத்தக முதுகில் ஒட்டியிருந்த சீட்டு அதைச் சொல்லிக்கொடுத்தது. ஓ111,2ஜே64. அந்த நூலகத்தில் 1924-இல் நூலகராகச் சேர்ந்த எஸ்.ஆர். ரங்கநாதன் 1933-இல் வெளியிட்ட கோலன் பகுப்பு முறையின் எண் அது. ‘ஓ’ என்றால் இலக்கியம், 111 ஆங்கிலம், 2 நாடகம், ‘ஜே’ ஆயிரத்து ஐந்நூறுகள். பக்கத்தில் 64. ஆக 1564. நாடகத்துக்கு 2 என்றால் கவிதைக்கு 1, நாவலுக்கு 3. மில்டன் 1கே08, வேர்ட்ஸ்வொர்த் 1எல்70, டிக்கன்ஸ் 3எம்12. இரண்டு அலமாரிகளுக்கு நடுவே ஒருமுறை மெல்ல நடந்து திரும்பினால் ஆங்கில இலக்கிய வரலாறு வரிசையாகக் கண்ணில் ஏறிவிடும். இலக்கிய வரலாற்றுத் தேர்வுக்கு நாங்கள் அப்படித்தான் தயாரானோம். கணக்கு வாத்தியாராக இருந்து நூலகரான ஒருவர், செத்துப்போன கவிஞர்களின் பிறந்த ஆண்டுகளை இப்படிப் புத்தகங்களின் முதுகில் எழுதிவைத்துவிட்டுப் போயிருக்கிறார் என்பது அந்த வயதில் எனக்குப் பெரிய ஆச்சரியம். இன்றும் அந்த ஆச்சரியம் குறையவில்லை.

எண்பதுகளின் முதல் பாதியில் தாம்பரம் கிறிஸ்தவக் கல்லூரியில் எம்.ஏ. ஆங்கிலம் படித்தேன். 1978-இல் தன்னாட்சி பெற்ற கல்லூரிகளில் அதுவும் ஒன்று. தன்னாட்சி என்றால் என்ன என்று வீட்டில் கேட்டபோது எனக்குச் சொல்லத் தெரியவில்லை. படிக்கப் படிக்கத்தான் புரிந்தது. அதற்கு முன்பெல்லாம் பாடம் நடத்துபவர் ஒருவர், கேள்வித்தாள் எடுப்பவர் முகம் தெரியாத வேறொருவர். எங்களுக்கோ நடத்தியவரே கேள்வியும் எடுத்தார். செமஸ்டர் நடுவில் இன்டர்னல் டெஸ்ட், முடிவதற்குள் ஒரு டெர்ம் பேப்பர். எந்தக் கைடில் எந்தப் பக்கத்தில் எந்தக் கேள்விக்கு என்ன பதில் இருக்கிறது என்பது எங்களைவிடப் பேராசிரியர்களுக்கு நன்றாகத் தெரியும். அதனால் ராம்ஜி லால், ரகுகுல் திலக் கைடுகளை நம்பி டெஸ்டுக்குப் போக முடியாது.

என்றாலும் கைடு வாங்காதவர் யார்? சென்ட்ரல் ஸ்டேஷன் பக்கத்து மூர் மார்க்கெட்டில் பழைய புத்தகக் கடைகள். கைடு தேடிப் போனால் வெரிட்டி பதிப்பு கண்ணில் படும். ஏ.டபிள்யூ. வெரிட்டி குறிப்பெழுதிய ஷேக்ஸ்பியர் நாடகங்களைத்தான் இந்தியாவில் பல தலைமுறைகள் படித்தன. முன்பு வைத்திருந்தவர் பென்சிலால் ஓரத்தில் குறித்த சொற்பொருள்கள் அப்படியே இருக்கும். கடினமான சொல்லுக்கு மேலே பொடி எழுத்தில் தமிழில் பொருள். யாரோ ஒருவர் நாற்பதுகளிலோ ஐம்பதுகளிலோ இதே சொல்லில் தடுமாறியிருக்கிறார் என்று தெரிந்ததும் ஒரு தைரியம் வரும். 1985 மே 30 அன்று மூர் மார்க்கெட் எரிந்தது. புதுப் புத்தகம் எரிந்தால் மறுபடி அச்சடிக்கலாம். அந்தப் பென்சில் குறிப்புகளுக்கு வேறு பிரதி கிடையாது.

டெஸ்ட் என்றாலே எங்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது அனோடேஷன். நாடகத்திலிருந்தோ கவிதையிலிருந்தோ நாலு வரியை எடுத்துக் கேள்வித்தாளில் அச்சடித்திருப்பார்கள். எதிலிருந்து வந்தது, யார் யாரிடம் சொன்னது, அதற்கு முன் என்ன நடந்தது, அந்த நாலு வரிக்குள் எந்தச் சொல் பாரத்தைத் தாங்குகிறது என்று எழுத வேண்டும். கட்டுரைக் கேள்விக்குச் சுற்றி வளைத்து எதையாவது எழுதிச் சமாளித்துவிடலாம். அனோடேஷனில் அது நடக்காது. மூலத்தை வரி வரியாகப் படித்தவனுக்கு மட்டும்தான் அது வழிவிடும்.

கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து ஒருவன் என்னோடு சேலையூர் ஹால் விடுதியில் இருந்தான். பள்ளிக்கூடம் முழுக்கத் தமிழ்வழி. முதல் வாரம் வகுப்பில் வாயே திறக்கவில்லை. கான்வென்ட் ஆங்கிலம் பேசியவர்களுக்கு நடுவே அவனும் நானும் ஒரு பெஞ்சில் ஒடுங்கி உட்கார்ந்திருந்தோம். முதல் அனோடேஷன் கேள்வியைப் பார்த்துவிட்டு வெளியே வந்தவன் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம்.

“ஏல, இது நம்ம இடஞ்சுட்டிப் பொருள் விளக்கம்தாம்ல. எட்டாப்புலேர்ந்து எழுதிக்கிட்டுல்லா இருக்கோம்!”

உண்மைதான். கம்பராமாயணத்துக்கும் சிலப்பதிகாரத்துக்கும் நாங்கள் பள்ளியில் செய்த வேலையும் இதுவும் ஒன்றே. அதன் பிறகு அவன் படித்த விதமே மாறிவிட்டது. செய்யுளை எப்படிச் சத்தமாகச் சொல்லிப் படித்தானோ அப்படியே சாசரையும் மெக்பெத்தையும் சத்தம் போட்டுப் படித்தான். வளாகத்தின் காட்டுப் பாதையில் சாயங்காலம் நடந்துகொண்டே ஒருவன் நாலு வரி சொல்வான், மற்றவன் இடம் சுட்ட வேண்டும். தப்பாகச் சுட்டினால் டீ வாங்கித் தர வேண்டும். அவன் நாக்கில் ஆங்கிலம் கரிசல் மண் வாசத்தோடுதான் வந்தது. சந்தம் மட்டும் ஒரு இடத்திலும் தப்பவில்லை. ஐந்து சீர், இறங்கி ஏறும் அசை என்று பேராசிரியர் கரும்பலகையில் கோடு போட்டு விளக்கியதை அவன் காதாலேயே பிடித்துவிட்டான். பின்னாளில் தென்மாவட்டக் கல்லூரி ஒன்றில் ஆங்கிலம் நடத்தினான். வகுப்பில் சத்தமாகப் படிக்காமல் ஒரு பாடத்தையும் அவன் தொடங்கியதில்லை என்று அவனிடம் படித்தவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். கொரோனாவின் இரண்டாம் அலையில் போய்விட்டான்.

டெஸ்டுக்குப் புத்தகத்தைத் தலைக்குள் ஏற்றிக்கொண்டு போக வேண்டும். டெர்ம் பேப்பர் கேட்டது வேறு. யார் என்ன சொன்னார்கள் என்று தேடித் திரட்டி, ஒவ்வொரு சொல்லையும் சொன்னவர் பெயரிலேயே ஒப்படைத்து, மிச்சம் இருப்பதில் நீ யார் என்று காட்ட வேண்டும். இந்த இரண்டு பயிற்சியும் ஒரே செமஸ்டரில் கிடைத்ததுதான் எங்கள் அதிர்ஷ்டம் என்று இப்போது நினைக்கிறேன். அப்போது அது தண்டனையாகத் தெரிந்தது.

குறிப்பெடுக்க அட்டை வேண்டும். ஐந்துக்கு மூன்று அங்குலம். கடையில் கட்டாக விற்றார்கள். எங்கள் கைக்காசுக்கு அது கட்டுப்படியாகாது. அம்மா ஊரிலிருந்து பழைய கல்யாணப் பத்திரிகைகளைக் கட்டி அனுப்புவாள். நல்ல கெட்டி அட்டை, பின்பக்கம் வெறுமை. கத்தரிக்கோலால் அளவாக வெட்டினால் ஒரு பத்திரிகைக்கு இரண்டு அட்டை தேறும். இடது மூலையில் விமரிசகர் பெயர், வலது மூலையில் பக்க எண். ஒரு அட்டைக்கு ஒரு கருத்துதான். அவர் சொல்லையே எடுத்தால் மேற்கோள் குறி. நம் சொல்லில் சுருக்கினால் மேற்கோள் குறி கூடாது, ஆனால் பக்க எண் வேண்டும். புத்தகத்தை ஹாலுக்கு எடுத்துவர முடியாத நூலகங்களில் ஒரு பக்கத்தைக் கையால் எழுத அரை மணி நேரம் ஆகும். ஜெராக்ஸ் வந்துவிட்டிருந்தது, ஆனால் அது காசுள்ளவர்களுக்கு. அரை மணி நேரம் செலவழித்து எழுதப் போகிறோம் என்றால், இந்தப் பத்தி வேண்டுமா, இந்த ஒரு வாக்கியம் போதுமா என்று கை தொடங்கும் முன்பே மனம் முடிவு செய்தாக வேண்டும். படிப்பு நடந்தது அந்த முடிவில்தான்.

தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறினால் எழும்பூர். அன்றைக்கு அது மீட்டர்கேஜ். 1931-லிருந்து அந்தத் தடத்தில் ஓடிய ரயில். எழும்பூரில் இறங்கிப் பாந்தியன் சாலையில் நடந்தால் கன்னிமாரா. 1896-இல் திறந்த நூலகம், நாட்டில் அச்சாகும் புத்தகம் ஒவ்வொன்றிலும் ஒரு பிரதி வந்து சேரும் இடம். இன்னொரு நாள் ஜெமினி பக்கம் அமெரிக்கன் சென்டர். மற்றொரு நாள் மவுண்ட் ரோட்டில் பிரிட்டிஷ் கவுன்சில். அங்கே ஏ.சி. உண்டு என்பதால் மத்தியான நேரத்தில் இடம் பிடிக்கப் போட்டி. அட்டவணை இழுப்பறைகளை இழுத்து, கம்பியில் கோத்த அட்டைகளை விரலால் தள்ளித் தள்ளித் தேடுவோம். தேடிப் போனது ஒன்று, அதற்குப் பக்கத்து அட்டையில் கிடைப்பது வேறொன்று. அந்தப் பக்கத்து அட்டைகள் எனக்குக் கற்றுத் தந்ததை எந்தப் பாடத்திட்டமும் தரவில்லை.

என் பேப்பர் ஷேக்ஸ்பியரின் மெக்பெத் நாடகம் பற்றியது. தேட ஆரம்பித்ததும் விமரிசகர்களின் ஒரு வம்ச வரிசை கண்ணில் விரிந்தது. 1823-இல் டி குவின்சி, கொலை நடந்த இரவில் கோட்டைக் கதவு தட்டப்படும் ஓசை ஏன் மனசை அப்படி உலுக்குகிறது என்று கேட்டு ஒரு சிறு கட்டுரை எழுதுகிறார். 1904-இல் பிராட்லி பாத்திரங்களை உயிருள்ள மனிதர்களாக எடுத்துக்கொண்டு அலசுகிறார். 1933-இல் எல்.சி. நைட்ஸ், மெக்பெத் சீமாட்டிக்கு எத்தனை குழந்தைகள் என்று தலைப்பிலேயே கேட்டு, பாத்திரங்களை அப்படி நடத்துவது தவறு, நாடகத்தைக் கவிதையாகப் படியுங்கள் என்று சண்டைக்கு நிற்கிறார். 1935-இல் கரோலின் ஸ்பர்ஜன், நாடகம் நெடுக உடை பற்றிய உவமைகள் வருவதை எடுத்து அடுக்கி, பொருந்தாத பெரிய அங்கிக்குள் நிற்கும் சின்ன மனிதனாக மெக்பெத்தைக் காட்டுகிறார். 1947-இல் கிளியான்த் புரூக்ஸ் அதை வாங்கித் திருத்துகிறார்: அங்கி பெரிதா சிறிதா என்பது விஷயமில்லை, அது அவனுடையதில்லை என்பதுதான் விஷயம்.

ஒருவர் தோளில் ஒருவர் ஏறி நிற்கும் இந்த வரிசையை அட்டை அட்டையாக எழுதி, ரப்பர் பேண்ட் போட்டு, கனமான கட்டாகக் கொண்டுபோய்ப் பேராசிரியர் மேசையில் வைத்தேன். அவர் பொறுமையாக ஒவ்வொன்றையும் புரட்டினார். சிலவற்றைத் திருப்பி மறுபக்கம் இருந்த மணமக்கள் பெயரையும் படித்தார்.

“எல்லாம் நல்லா எடுத்திருக்கே தம்பி. இதுல உன் வரி எது?”

அவ்வளவுதான் கேட்டார். கட்டைத் திருப்பித் தந்துவிட்டார்.

அந்தக் கேள்வியோடு திரிந்த நாட்களில்தான் 1984 அக்டோபர் 31 வந்தது. புதன்கிழமை. நான் கன்னிமாராவில் இருந்தேன். பிரதமரைச் சுட்டுவிட்டார்கள் என்று வாசலில் யாரோ சொல்ல, மேசைக்கு மேசை அது பரவியது. பி.பி.சி. முந்திக்கொண்டு இறந்துவிட்டார் என்று சொல்லியது. ஆகாசவாணி சாயங்காலம்தான் வாய் திறந்தது. சுட்டவர்கள் அவருடைய சொந்தக் காவலர்கள் என்பது தெரிந்தபோது நான் ரயிலில் நின்றுகொண்டிருந்தேன். கடைகள் கதவை இழுத்து மூடிக்கொண்டிருந்தன. பெட்டி நிரம்பி வழிந்தும் பேச்சே இல்லை. என் பையில் இருந்த அட்டைகளில் ஒன்று முதல் அங்கத்து ஏழாம் காட்சி. உள்ளே, விருந்தாளியாக வந்த அரசருக்கு விருந்து நடக்கிறது. வெளியே தனியாக நிற்கும் மெக்பெத் தனக்குள் கணக்குப் போடுகிறான்: இவருக்கு நான் உறவு, இவருடைய குடிமகன், இன்று இவருக்கு விருந்து கொடுப்பவன். கொல்ல வருபவனுக்கு எதிரே கதவை அடைக்க வேண்டிய கை என்னுடையது. செப்டம்பர் டெஸ்டில் இதே பகுதிக்கு அனோடேஷன் எழுதி நல்ல மார்க் வாங்கியிருந்தேன். அதன் பொருள் முழுசாக இறங்கியது அந்த ரயிலில். டில்லியில் அடுத்தடுத்த நாட்களில் சீக்கியர்கள் கொல்லப்பட்டதைப் பேப்பரில் படித்தபோது, ஒரு கொலை ஒரு கொலையோடு நிற்பதில்லை என்று அந்த நாடகம் சொல்வதும் புரிந்தது.

என் வரி அங்கிருந்து வந்தது. கூடவே எங்கள் வீட்டுப் பந்தியிலிருந்தும். மூன்றாம் அங்கத்தில் மெக்பெத் அரசனாகி விருந்து வைக்கிறான். அவரவர் தகுதி வரிசை தெரியுமல்லவா, அதன்படி அமருங்கள் என்று சொல்லித்தான் அந்தக் காட்சி தொடங்குகிறது. தானும் விருந்தினரோடு கலந்து பழகும் எளிய வீட்டுக்காரனாக இருக்கப்போவதாகச் சொல்கிறான். உட்காரப் போனால் அவன் இருக்கையில், அவன் ஆளனுப்பிக் கொன்ற பேங்க்வோவின் ஆவி. காட்சி முடியும்போது வரிசை பார்க்காமல் உடனே கிளம்புங்கள் என்று அவன் மனைவி விருந்தினரை விரட்டுகிறாள். யாரை எங்கே உட்கார வைப்பது, யார் முதலில் எழுவது என்பதில் மானமே அடங்கியிருக்கும் ஊரிலிருந்து வந்தவனுக்கு இது கண்ணில் படாமல் போகுமா? விருந்தாளியைக் கொன்றவனால் அதன் பிறகு ஒரு பந்தி பரிமாற முடியவில்லை. இதைத்தான் எழுதினேன். எனக்கு முன்பு உலகத்தில் எத்தனையோ பேர் இதை எழுதியிருக்கலாம். அன்றைக்கு நான் எவரிடமிருந்தும் எடுக்கவில்லை. பேராசிரியர் அந்தப் பத்தியின் ஓரத்தில் சிவப்பு மையால் ஒரு கோடு மட்டும் போட்டிருந்தார். வேறெதற்கும் அப்படிக் கோடு இல்லை.

எழுதியதை டைப் அடிக்க வேண்டும். மேற்குத் தாம்பரத்தில் ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட், ரெமிங்டன் மெஷின், அதை நடத்திய ஓர் அக்கா. மூலப் பிரதிக்குக் கெட்டித் தாள், கீழே கார்பன், அதன் கீழே மெல்லிய தாள். புத்தகப் பெயர் வந்தால் சாய்வெழுத்து மெஷினில் கிடையாது, அடிக்கோடுதான். ஆய்வுக் கட்டுரை எழுதுவோருக்கான எம்.எல்.ஏ. கையேடு 2009-இல் ஏழாம் பதிப்பில்தான் அடிக்கோட்டை விட்டுச் சாய்வெழுத்துக்கு மாறியது. அதைவிடப் பெரிய தொல்லை அடிக்குறிப்பு. பக்கத்தில் எத்தனை குறிப்பு வருகிறது, அதற்குக் கீழே எத்தனை வரி விட வேண்டும் என்று முன்கூட்டியே கணக்குப் போட்டு, தாளின் ஓரத்தில் பென்சிலால் லேசாகப் புள்ளி வைத்துக்கொள்வார் அக்கா. மெஷின் அந்தப் புள்ளியைத் தொட்டதும் நிற்க வேண்டும். கணக்குத் தவறினால் பக்கம் முழுவதும் மறுபடி. 1984-இல் வந்த அந்தக் கையேட்டின் இரண்டாம் பதிப்பு அடிக்குறிப்பை ஒழித்து, வாக்கியத்துக்குள்ளேயே அடைப்புக்குறியில் பெயரையும் பக்கத்தையும் போட்டால் போதும் என்றது. எங்கள் பக்கம் அந்தச் செய்தி வந்துசேரச் சில வருஷங்கள் ஆயின. உலகத்து டைப்பிஸ்டுகள் எல்லாருக்கும் அது எவ்வளவு பெரிய விடுதலை என்பது, அந்த அக்காவின் பென்சில் புள்ளிகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

அவர் இலக்கியம் படித்தவர் அல்ல. என் கோவில்பட்டி நண்பனின் கையெழுத்துப் பிரதியை அடித்துக்கொண்டிருந்தவர் பாதியில் நிறுத்தினார்.

“தம்பி, இங்க மேற்கோள் ஆரம்பிச்சிருக்கு. முடியற இடத்தக் காணோமே. அவர் சொன்னது எதுவரைக்கும், நீங்க சொல்றது எங்கேர்ந்து?”

பேராசிரியர் கேட்ட கேள்வியை மறுமுனையிலிருந்து அவர் கேட்டார். ஆய்வு நெறிமுறை பற்றி அதற்குப் பிறகு எத்தனையோ கருத்தரங்குகளில் உட்கார்ந்திருக்கிறேன். இதைவிடத் தெளிவாக ஒருவரும் சொல்லவில்லை.

இப்போது அந்தக் கேள்வியை மென்பொருள் கேட்கிறது. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 விதிப்படி ஆய்வில் பத்து சதவீதம் வரை பிறர் எழுத்தோடு ஒத்திருந்தால் தண்டனை இல்லை. பத்துக்குள் அடக்கச் சொற்களை மாற்றிப்போடும் வேலை ஒரு தொழிலாகவே நடக்கிறது. கேட்ட தலைப்பில் கேட்ட நீளத்துக்கு இயந்திரமே பேப்பர் எழுதித் தருகிறது. அதைக் கண்டு அமெரிக்காவில் சில ஆசிரியர்கள், வகுப்பிலேயே உட்கார்ந்து கையால் எழுதும் பழைய நீலஅட்டை விடைநோட்டுக்குத் திரும்பியிருக்கிறார்கள். கையெழுத்துதான் பெரிது என்று நான் சொல்ல வரவில்லை. கன்னிமாராவுக்கு நாள் முழுக்க அலைந்ததில் பாதி வீண் என்பதும் எனக்குத் தெரியும். இன்று ஒரு மாணவிக்கு ஸ்பர்ஜனும் புரூக்ஸும் தென்காசியில் இருந்தபடியே கிடைக்கிறார்கள் என்றால் அது பெரிய நியாயம். எங்கள் காலத்தில் அவர்கள் பெரும்பாலும் பெருநகரக்காரர்களுக்குத்தான் கிடைத்தார்கள். இழந்தது அலைச்சலை அல்ல. நாலு வரியைச் சத்தமாகச் சொல்லி, இடம் சுட்டி, அதன் பாரத்தைத் தாங்கும் சொல்லைத் தொட்டுக் காட்டும் பழக்கத்தை இழந்தோம். ‘உன் வரி எது’ என்று எதிரே உட்கார்ந்து கேட்கும் ஒரு மனிதரை இழந்தோம்.

பல கல்லூரிகளின் வினாத்தாளில் அனோடேஷன் பகுதி இப்போது இல்லை. அந்த இடத்தைச் சரியான விடையைத் தேர்ந்தெடுக்கும் கேள்விகள் பிடித்துக்கொண்டன. பாடத்திட்டக் குழுக்களில் உட்காரும் ஆங்கில ஆசிரியர்களைக் கேட்டுக்கொள்கிறேன்: அந்த நாலு வரிகளை வினாத்தாளுக்குத் திரும்பக் கொண்டுவாருங்கள். டெர்ம் பேப்பர் கொடுக்கிறீர்கள் என்றால், ஒவ்வொரு மாணவரையும் பத்து நிமிஷம் எதிரே உட்கார வைத்து, அதில் அவர் வரி எது என்று கேளுங்கள்.